வேலை நேரமும் விரிதாட் கணக்கும்

நோன்புப் பெருநாளை அண்டிய இரவுகளிலே கல்முனைக் கடைத்தெருவிற் புடவைக் கடைகள் நள்ளிரவு கடந்தும் திறந்திருத்தல் வழக்கம். பிற்பகல் 4 மணிக்கு வந்த ஊழியனொருவன் இரவு 12.30க்கு வீடு செல்கின்றான் எனக் கொள்வோம். அவன் கடையிலிருந்தது எட்டரை மணி நேரமென்பதைச் சிறுவனும் விரல்விட்டுச் சொல்வான். கணினி விரிதாளோ, முடிவு நேரத்திலிருந்து தொடக்க நேரத்தைக் கழிக்கச் சொன்னால், கலம் நிறைய ##### என்னுங் குறிகளை இட்டு வாளாவிருக்கும். நம் பழைய மாணவருட் கணக்காளராயும் கடை முதலாளிகளாயும் விளங்குவோர் பலராதலின் இதன் காரணத்தை ஈண்டு விளக்கலாயினேம்.

விரிதாள் நேரத்தை நாளின் பின்னமாகவே வைத்துக்கொள்கின்றது. நண்பகல் 0.5, மாலை 6 மணி 0.75; நள்ளிரவில் மீண்டும் பூச்சியம். நம் பஞ்சாங்கத்திலே நாள் சூரியோதயத்திற் பிறந்து 60 நாழிகை செல்லும். இஸ்லாமியருக்கு மஃரிபோடு மறுநாள் பிறத்தலின், வியாழன் பொழுது சாய்ந்ததும் வெள்ளி இரவு என்பர். பஞ்சாங்கக் கணக்கில் மேற்சொன்ன வேலை ஒரே நாளுள் அடங்கும். விரிதாளுக்கோ இரு நாள்களிற் பிரிந்து கிடக்கின்றது. ஆதலின் முடிவு நேரம் தொடக்க நேரத்திற் சிறிதாயின், அதனோடு ஒரு நாளுக்குரிய 1 ஐக் கூட்டியே கழித்தல் வேண்டும். வந்த பின்னத்தை 24ஆற் பெருக்கினால் 8.5 கிடைக்கும்.

நேரத்தைப் புள்ளியிட்டுக் கலத்தில் எழுதுவோரும் உளர். 17.30இல் 7.15ஐக் கழித்தால் 10.15, உண்மையோ பத்தேகால் மணி, அதாவது 10.25. நாளொன்றுக்கு 6 நிமிடம். 26 நாளில் 2 மணி 36 நிமிடம் ஊழியனுக்குக் கூலியின்றிப் போம். முக்காற்புள்ளியிட்டு 17:30 என எழுதினாலன்றி விரிதாள் அதனை நேரமென்று கொள்ளாது.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம், உணவு இடைவேளை நீங்கலாக நாளொன்றுக்கு 8 மணியும் கிழமைக்கு 45 மணியும் விதித்து, மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் வகுத்தது. அந்த 45 மணியை விரிதாளிற் கூட்டினால் 21:00 என்று காட்டும்! 24 மணியை முழுநாளாக ஒதுக்கி எச்சத்தை மட்டும் காட்டுதலே இதன் காரணம். வடிவமைப்பில் மணிக்குரிய எழுத்தைச் சதுர அடைப்புள் இடின் 45:00 தோன்றும்.

பிறிதொன்று. 2006 ஏப்ரல் 15இல், பின்னிரவு 12.30ஐ 12.00 ஆக்கி இலங்கை தன் கடிகாரத்தை அரைமணி பின்தள்ளிற்று. முதல்நாள் மாலை 6 முதல் அன்று காலை 6 வரை காவலிருந்தவன் விழித்திருந்தது பன்னிரண்டரை மணி. கழித்தற் சூத்திரம் 12 என்றே சொல்லும். அவ்வரைமணியைக் கணக்காளர் தம் கையாற் சேர்த்தல் வேண்டும்.