வீட்டில் ஒரு லேசர் எழுத்தாணி

சிறு வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கருக்கிப் பார்க்காதவர் நம்மில் சிலரே இருப்பர். பரந்து விழும் ஒளியை ஒரு புள்ளியில் குவித்தால் அது சுடும் என்பதை அந்த விளையாட்டே நமக்குக் கற்பித்துவிட்டது. இன்று மேசையின் மேல் வைத்து உபயோகிக்கும் சிறிய லேசர் செதுக்கு இயந்திரம் செய்வதும் அதே காரியந்தான். சூரியனுக்குப் பதிலாக நகத்தளவுகூட இல்லாத ஒரு குறைகடத்தி. கைக்குப் பதிலாகக் கணிப்பொறியின் கட்டளைப்படி நகரும் மோட்டார்கள். கிறிஸ்துமஸ் குடிலுக்கு மர நட்சத்திரம் வெட்டவும், வீட்டுக்குப் பெயர்ப்பலகை எழுதவும் இதனை வாங்கலாமா என்று மேல் வகுப்பு மாணவியர் சிலரும் அவர்தம் பெற்றோரும் கேட்டு வருகின்றனர். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

லேசர் என்பது ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆன பெயர். 'தூண்டப்பட்ட உமிழ்வினால் ஒளியைப் பெருக்குதல்' என்பது அதன் பொருள். இத்தகைய உமிழ்வு நிகழக்கூடும் என்பதை ஐன்ஸ்டீன் 1917-இல் கணக்கின் வழியே காட்டினார். அதைக் கருவியாக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1960-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் அமெரிக்காவின் மாலிபு நகரில் தியோடர் மைமன் என்பவர் செயற்கை மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். நான்கே ஆண்டுகளில், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல், பெல் ஆய்வுக்கூடத்தில் கார்பன் டை ஆக்ஸைடு வாயு லேசரை உருவாக்கினார். பெரிய பட்டறைகளில் மரமும் அக்ரிலிக்கும் வெட்டுவது பெரும்பாலும் இவர் கண்ட லேசரே. நம் நாட்டவர் ஒருவரின் பெயர் இதில் இருப்பதை மாணவியர் அறிந்திருக்க வேண்டும்.

வீட்டு இயந்திரங்களில் இருப்பது பெரும்பாலும் வேறு வகை. அது நீலநிற டயோடு லேசர். காலியம் நைட்ரைடு என்ற பொருளிலிருந்து நீல ஒளியைப் பெறுவது நெடுநாள் எட்டாக்கனியாக இருந்தது. ஜப்பானியரான அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரின் உழைப்பால் நீல ஒளி தரும் டயோடு பிறந்தது. அதற்காக 2014-இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த வழியில் பிறந்த நீல லேசர் டயோடுகள் மலிந்ததால்தான் இக்கருவி இன்று வீடுகளுக்குள் வந்துள்ளது.

இரண்டுக்கும் வேறுபாடு அலைநீளத்தில். நீல டயோடின் ஒளி சுமார் 455 நானோமீட்டர்; கார்பன் டை ஆக்ஸைடு லேசரின் கதிர் 10,600 நானோமீட்டர்; கண்ணுக்கே தெரியாது. நிறமற்ற அக்ரிலிக் தகட்டின் வழியே நீல ஒளி ஜன்னல் கண்ணாடியில் வெயில் போவதுபோல் போய்விடும். தகடு சூடாகாது, அடியில் உள்ள மேசைதான் கருகும். கறுப்பு அக்ரிலிக் என்றால் ஒளியை விழுங்கி உருகும். எந்தப் பொருள் எந்த ஒளியை உட்கொள்கிறது என்ற பாடப்புத்தகச் செய்தி இங்கே கண்முன் நடக்கிறது.

இனி ஒரு சிறு கணக்கு. 10 வாட் ஒளியை 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளியில் குவித்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1,270 வாட் ஆகும். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். அதாவது சதுர மில்லிமீட்டருக்கு ஆயிரத்தில் ஒரு வாட். வகுத்துப் பாருங்கள். வெயிலைப்போல் பன்னிரண்டு லட்சம் மடங்குக்கும் மேல்!

வாங்கும்போது இந்த வாட் கணக்கில்தான் ஏமாற்றமும் நடக்கிறது. பெட்டியின் மேல் '40 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது இயந்திரம் உட்கொள்ளும் மின்சாரத்தின் அளவாகவும், வெளிவரும் ஒளி 5 வாட்டாகவும் இருக்கலாம். 'ஒளித் திறன் எவ்வளவு?' என்று கேட்டு, விடையை எழுத்தில் பெற்ற பிறகே பணம் கொடுக்க வேண்டும். பழகுவதற்கு 5 வாட் போதும். 3 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையைச் சிரமமின்றி வெட்ட 10 வாட் வேண்டும். சாதாரணத் தையல் மிஷினைவிட விலை கூடிய பொருள் இது. அதனால், மாதம் ஒரு முறைதான் எடுப்போம் என்ற வீட்டுக்கு இது தேவையில்லை என்பதே என் எண்ணம்.

அடுத்துக் கூறப்போவதைப் பெற்றோர் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டுகிறேன். லேசர்களை அபாயத்தின் அளவுப்படி வகுத்துள்ளனர். பிரகாசமான ஒளி பட்டால் நாம் கால் விநாடிக்குள் கண்ணைச் சிமிட்டுவோம். அச்சிமிட்டல் நம்மைக் காக்கும் எல்லை 1 மில்லிவாட். நாம் பேசும் இயந்திரமோ 10 வாட். அதைப்போல் பத்தாயிரம் மடங்கு. அரை வாட்டைத் தாண்டியவை யாவும் கடைசி வகுப்பான நான்காம் வகுப்பைச் சேர்ந்தவை. இதில் நேர்க்கதிர் மட்டுமன்று, பொருளின் மேல் பட்டுச் சிதறும் ஒளியும் கண்ணுக்குக் கேடு செய்யக்கூடும். விழித்திரையில் வலியை உணரும் நரம்பு இல்லை. ஆகவே கண் கருகும்போது வலிக்காது; பார்வையில் ஒரு கரும்புள்ளி நின்றுவிட்ட பிறகே தெரியும். அந்தப் புள்ளி ஆறுவதில்லை. டிசம்பர் 13-ஆம் நாள் கண்பார்வையின் பாதுகாவலியான புனித லூசியாவிடம் மன்றாடும் நாம், கண்ணுக்குரிய காப்பையும் தேடிக்கொள்வது நம் கடமையன்றோ!

காப்பு இரு வகை. ஒன்று, உரிய கண்ணாடி. அதன் மேல் எந்த அலைநீளத்துக்கு என்பதும், ஓ.டி. எனும் ஒளித்தடுப்பு எண்ணும் பொறித்திருக்க வேண்டும். ஓ.டி. 5 என்றால் லட்சத்தில் ஒரு பங்கு ஒளியே உள்ளே வரும். நீல லேசருக்கு ஏற்ற கண்ணாடி ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறமாக இருக்கும். வெயில் கண்ணாடி, கிரகணம் பார்க்கும் அட்டைக் கண்ணாடி, வெல்டிங் பட்டறையில் இரவல் வாங்கிய கண்ணாடி எதுவும் இதற்கு ஈடாகாது. அறையில் நால்வர் இருந்தால் நான்கு கண்ணாடி வேண்டும். இரண்டாவது காப்பு, முற்றிலும் மூடிய பெட்டியுடைய இயந்திரம். மூடியைத் திறந்த நொடியே கதிர் அணைந்துவிடும். அத்தகையவை முதல் வகுப்பு எனச் சான்று பெற்று வருகின்றன. வீட்டில் தம்பி தங்கையோ பூனையோ இருந்தால், விலை கூடினாலும் மூடிய இயந்திரத்தையே வாங்குங்கள். திறந்த சட்டம் சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. இயந்திரத்தருகே செல்லுமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைக்க வேண்டும். பளபளக்கும் உலோகம் கதிரை எங்கே திருப்பும் என்று சொல்ல முடியாது. பின்னலையும் துப்பட்டாவையும் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதைத் தையல் வகுப்பிலேயே கற்றிருப்பீர்கள். பள்ளி மாணவி எவளும் பெரியவர் துணையின்றி இதனை இயக்கலாகாது.

புகையும் சாதாரணமானதன்று. மரம் கருகும் புகையில் நுண்துகள்கள் உண்டு. ஒட்டுப்பலகையின் பசையும் சேர்ந்து எரியும். ஜன்னலைத் திறந்துவைத்தால் போதாது. விசிறி வைத்த குழாய் வழியே புகையை வெளியே தள்ள வேண்டும். தவறியும் வைக்கக்கூடாத பொருள் பி.வி.சி. ரெக்ஸின், விளம்பர பிளெக்ஸ், சில கோப்பு உறைகள் எல்லாம் இந்த இனமே. சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி நுரையீரலையும் புண்ணாக்கும், இயந்திரத்தின் உருக்கையும் துருப்பிடிக்கச் செய்யும். ஒரு பிளாஸ்டிக்கில் குளோரின் உண்டா என்று அறியப் பதினோராம் வகுப்பு மாணவியருக்கு வழி தெரியும்: பழுக்கக் காய்ச்சிய செப்புக் கம்பியால் தொட்டு மீண்டும் சுடரில் காட்டினால் பச்சைச் சுடர் தோன்றும். அதை ஆய்வுக்கூடத்தில், ஆசிரியை முன்னிலையில் மட்டும் செய்க. தோலிலும் குரோம் உப்பால் பதனிட்டதைத் தவிர்த்து, ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளால் பதனிட்டதையே எடுக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது அடுப்பில் பால் வைத்தவள் போல அருகிலேயே இருக்க வேண்டும். பால் பொங்கினால் அடுப்பைத் துடைத்தால் தீர்ந்தது. இங்கே அட்டைப்பெட்டித் துண்டு பற்றிக்கொண்டால் வீடே பற்றும். மேசையின் மேல் இரும்புத் தகடு, கையெட்டும் தூரத்தில் நீர் தெளிக்கும் புட்டி, அறையில் ஒரு தீயணைப்பான். இவை வந்த பிறகே இயந்திரம் வரட்டும்.

முதல் நாள் எதையும் செய்து முடிக்க ஆசைப்படாதீர்கள். தச்சரிடம் வெளிர் நிறத் துண்டு மரம் சில கேட்டு வாங்குங்கள். கருத்த தேக்கில் எழுத்து எடுப்பாகத் தெரியாது. கூடவே வரும் அளவுக்கட்டையை வைத்து, லேசர் தலைக்கும் மரத்துக்கும் உரிய தூரத்தை நிறுத்த வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் புள்ளி அகன்று கோடு மங்கும். பிறகு ஒரு கட்டச் சோதனை. குறுக்கே திறனையும் நெடுக்கே வேகத்தையும் மாற்றி, பத்துக்குப் பத்தாகச் சிறு சதுரங்களைச் சுட்டுப் பாருங்கள். வெளிறிய பழுப்பிலிருந்து கரி வரை நூறு நிறங்கள் கிடைக்கும். திறனையும் வேகத்தையும் சேர்த்து இரட்டித்தால் ஒரு மில்லிமீட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் மாறுவதில்லை என்பதையும் அதில் காணலாம். அந்தப் பலகையை எறியாமல், மரத்தின் பெயரெழுதி மாட்டி வையுங்கள். அடுத்த மரத்துக்கு வேறு பலகை வேண்டும்.

இயந்திரம் வரைவது இரு விதம். கம்பிக் கோலத்தில் விரல் செல்வதுபோல் கோட்டின் வழியே செல்வது ஒன்று, வெட்டுவதும் இவ்விதமே. மற்றது, தறியில் நாடா போய் வருவதுபோல் இடமும் வலமும் ஓடி, வரிவரியாக நிரப்புவது. நிழற்படங்களுக்கு இந்த முறையே. செய்தித்தாள் படம்போல் புள்ளிகளின் நெருக்கத்தால் கருமை தோன்றும். இதற்கு நேரம் பிடிக்கும். 10 சென்டிமீட்டர் சதுரப் படத்தை 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் நிரப்பினால் ஆயிரம் வரிகள். மொத்தம் 100 மீட்டர். நிமிடத்துக்கு 6,000 மில்லிமீட்டர் வேகத்தில், திரும்பும் நேரம் நீங்கலாகவே பதினேழு நிமிடம் ஆகும். நடுவே மின்சாரம் போனால் வேலை பாழ். ஆதலால் மரத்தின் மூலையை மேசையில் குறித்து வையுங்கள். அதே இடத்தில் மீண்டும் தொடங்க உதவும்.

தமிழில் எழுத விரும்புவோர்க்குத் தனியே சில சொல்ல வேண்டும். இயந்திரத்தை இயக்க லேசர் ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச நிரலும், லைட்பர்ன் என்ற விலைக்குரிய நிரலும் உண்டு. எல்லா நிரலும் தமிழெழுத்தைச் சரியாகக் கோத்துத் தருவதில்லை. சிலவற்றில் 'கொ' என்று அடித்தால் கொம்பு பின்னால் போய் நிற்கும். இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைநிரலில் சொல்லைத் தட்டச்சு செய்து, எழுத்துகளை வெறும் கோட்டுருவமாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்து எடுத்துச் செல்வதே நம்பகமான வழி. அப்போது இயந்திரத்துக்கு மொழி தெரியவேண்டிய அவசியமில்லை.

மரத்தில் செதுக்கும்போது வராத தொல்லை, எழுத்தை வெட்டி எடுக்கும்போது வரும். 'அ', 'ஒ', 'ண' போன்றவற்றின் மூடிய சுழிக்குள் இருக்கும் மரம் பிடிப்பின்றி விழுந்துவிடும். பலகையில் எழுத்து வடிவாக ஓட்டை போடுவதானால் சுழிக்குள் ஒரு சிறு பாலம் விட வேண்டும். எழுத்தையே தனித்தனியாக அறுத்து ஒட்டுவதானால் புள்ளி எழுத்தோடு சேராமல் தனியே உதிரும். அது தொலைந்தால் 'கண்மணி' வீட்டு வாசலில் 'கணமணி' ஆகிவிடுவாள். இத்தொல்லை புதிதுமன்று. ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று நம் முன்னோர் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதினர். எகர ஒகரக் குறிலுக்கும் அன்று புள்ளியே அடையாளமாதலால், குறிலா நெடிலா என்று படிப்பவர் திணறினர். இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் (1680–1747) நெடிலுக்கு மேலே சுழித்த இரட்டைக் கொம்பை வகுத்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். கருவியின் குறையை எழுத்தின் வடிவத்தாலேயே வென்ற அந்த நுட்பத்தை, பாலம் விடும்போது நினைத்துக்கொள்ளலாம்.

மரத்தில் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த உயரத்தில் எழுதினால் சுழிகள் அடைபடும். செதுக்குமுன் மரத்தின் மேல் காகித நாடா ஒட்டி, முடிந்தபின் உரித்தால் புகைக்கறை படியாது. நாளடைவில் கோடு மங்கத் தொடங்கினால் உடனே திறனைக் கூட்டாதீர்கள். லேசர் தலையின் அடியிலுள்ள காப்புக் கண்ணாடியில் கரி படிந்திருக்கும். மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, தலை ஆறியபின், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்து, உலர்ந்தபிறகு மீண்டும் ஒரு சதுரம் சுட்டுப் பழைய பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.