குதிரைக்குப் புல் வளர்க்கிறீர்களா? மண்வள அட்டை உங்களுக்கும்தான்!

ஒரு ஏக்கர் நிலம், இரண்டு குதிரை, ஒரு போர்வெல். புதுச்சேரி ஊர் எல்லையில் இப்படி ஒரு சின்னப் பண்ணை உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷம் புல் அமோகமாக வந்தது. இரண்டாம் வருஷம் மஞ்சள் தட்டியது. மூன்றாம் வருஷம் அங்கங்கே சொட்டை. ஒரு மூட்டை யூரியா வாங்கிப் போட்டீர்கள். பத்து நாள் பச்சை, அப்புறம் பழைய கதைதான். இப்போது தீவனத்தைக் காசு கொடுத்து வெளியே வாங்குகிறீர்கள்.

"மண்ணே சரியில்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் மண்ணுக்கு என்ன குறை என்று யாராவது பார்த்தார்களா?

குறை எங்கிருந்து வருகிறது?

நெல் வயலில் தாளின் ஒரு பகுதியாவது மண்ணில் மிஞ்சும். புல் வயலில் தரைக்கு மேலே இருப்பதை எல்லாம் அறுத்துக்கொண்டு போய்விடுகிறோம். ஒரு டன் காய்ந்த புல்லோடு தழைச்சத்தும் சாம்பல் சத்தும் தலா 15 முதல் 20 கிலோ வரை வயலைவிட்டு வெளியேறுகின்றன. அந்தச் சத்தில் பெரும்பகுதி குதிரையின் வயிறு வழியாக லாயத்துக்குத்தான் வந்து சேர்கிறது. லாயத்தின் பின்பக்கம் லத்தி மலைபோலக் குவிகிறது, வயல் பட்டினி கிடக்கிறது. பிரச்சினையே இதுதான்.

இதோடு மண்ணின் தன்மையும் சேர்கிறது. கோரிமேடு, காலாப்பட்டு பக்கத்துச் செம்மண் மேடுகளில் ஈரமும் மக்கும் நிற்காது. பாகூர் பக்கம் களி கலந்த மண். கடலோரத்தில் மணல், சில இடங்களில் கிணற்று நீரே உப்பு. அதனால் அங்கே ஒருவருக்குப் பலித்த உரக்கணக்கு இங்கே உங்களுக்குப் பலிக்கும் என்று நம்பாதீர்கள்.

முதல் வேலை: மழையை நிறுத்துங்கள்

நம் ஊருக்குப் பெரும்பாலான மழை அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் பெய்தது நினைவிருக்கும். சரிவான செம்மண் நிலத்தில் அப்படி மழை பெய்தால் நீங்கள் போட்ட உரம் மேல்மண்ணோடு ஓடைக்குப் போய்விடும்.

இதற்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு மழையில் அரித்துப்போன பொட்டல் செம்மண். அங்கே குடியேறியவர்கள் வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தினார்கள், மரம் நட்டார்கள், இலைதழையால் மண்ணை மூடினார்கள். இன்று அது காடு. நீங்களும் சரிவுக்குக் குறுக்கே வரப்பு போடுங்கள். புல்லை ஒட்ட அறுக்காமல் நான்கு விரல்கடைக்கு மேல் தாள் விடுங்கள்.

இரண்டாவது வேலை: மண் மாதிரி

மத்திய அரசின் மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரி 19 அன்று தொடங்கியது. இதில் மண்ணின் 12 குணங்களைப் பரிசோதித்துச் சொல்கிறார்கள். உங்கள் பகுதி உழவர் உதவியகத்தில் கேளுங்கள். குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம்.

மாதிரியைத் தப்பாக எடுத்தால் அட்டையும் தப்பாகத்தான் வரும். அதனால் இப்படிச் செய்யுங்கள்:

1. கோடையில், நிலம் காய்ந்திருக்கும்போது எடுங்கள். உரம் போட்டு மூன்று மாதமாவது ஆகியிருக்கட்டும்.

2. வரப்போரம், மரநிழல், எருக்குழி, குதிரை கட்டும் இடம் இவற்றை விட்டுவிடுங்கள்.

3. ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, மேலே உள்ள சருகைத் தள்ளிவிட்டு, 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டுங்கள்.

4. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பாகங்களைத் தள்ளிவிடுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள்.

5. பெயர், கைபேசி எண், சர்வே எண், என்ன பயிர் என்பதை எழுதி வையுங்கள். சர்வே எண் கைவசம் இல்லையா? புதுச்சேரி அரசின் 'நிலமகள்' இணையதளத்தில் பார்க்கலாம். மாதிரி எடுத்த இடத்தைக் கைபேசியில் படம் பிடித்து, வரைபடத்தில் குறித்து வையுங்கள். அடுத்த முறை அதே வயலோடு ஒப்பிட உதவும்.

மூன்றாவது வேலை: அட்டையைப் படியுங்கள்

எல்லா எண்ணையும் பார்த்து மிரள வேண்டாம். முதலில் மூன்றைப் பாருங்கள்.

கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருந்தால் நல்லது. 6க்குக் கீழே போனால் சுண்ணாம்பும், 8.5ஐத் தாண்டினால் ஜிப்சமும் தேவைப்படலாம். அளவை ஆலோசகர் சொல்லட்டும், நீங்களாகப் போட்டுவிடாதீங்க. உப்பைக் காட்டும் மின்கடத்தும் திறன் 1க்குள் இருக்க வேண்டும். மூன்றாவது, கரிமக் கார்பன். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு. அப்படிப்பட்ட மண்ணில் எவ்வளவு யூரியா போட்டாலும் நிற்காது.

அட்டையில் உர அளவு ஹெக்டேர் கணக்கில் இருந்தால், ஒரு ஏக்கர் என்பது சுமார் 40 ஆர் என்று வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் இரண்டரை மடங்கு உரம் கொட்டினால் காசும் போச்சு, புல்லும் கருகிடும்.

நான்காவது வேலை: லத்தியைத் திருப்பிக் கொடுங்கள்

வளர்ந்த குதிரை நாளுக்குச் சுமார் 20 கிலோ லத்தி போடும். இரண்டு குதிரைக்கு வருஷத்துக்கு 14 டன். மக்கினால் பாதியாகும் என்று வைத்தாலும் 7 டன். ஏக்கருக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கும் தொழு உரம் 5 டன்தான்! உங்கள் வயலுக்கு வேண்டியது உங்கள் லாயத்திலேயே இருக்கிறது.

ஆனால் பச்சை லத்தியை அப்படியே வயலில் வீசாதீர்கள். அதில் குடற்புழு முட்டையும் களை விதையும் இருக்கும். மூன்று நான்கு அடி உயரத்துக்குக் குவித்து, மேலே ஓலை மூடுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்த அளவு ஈரம் போதும். இரண்டு மூன்று நாள் கழித்து நடுவில் கடப்பாரையைச் செருகி எடுத்துத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் சரியாக வேகிறது என்று அர்த்தம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டுங்கள். மூன்று நான்கு மாதத்தில் மண்வாசனையோடு உரம் தயார். மரத்தூள் படுக்கை போடுபவர்கள் இன்னும் பொறுக்கணும். அரைகுறையாக மக்கிய மரத்தூள் மண்ணில் உள்ள தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும்.

மாட்டுக்கு நல்லது குதிரைக்கு ஆகாமல் போகலாம்

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு பிரபலம். ஆனால் அதன் விதை குதிரைக்கு நஞ்சு. உங்கள் வயலுக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவது மேல். ஆமணக்குப் புண்ணாக்கு மூட்டை குதிரை எட்டும் தூரத்தில் இருக்கவே கூடாது. சூபாபுல் தழை தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும்.

கொழுக்கட்டைப் புல், நேப்பியர் போன்றவற்றில் ஆக்சலேட் அதிகம். மாட்டின் வயிறு அதைச் சமாளிக்கும். குதிரைக்கோ அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டு, நாளடைவில் எலும்பை மெலியவைத்து முகத்தை வீங்கவைக்கும். அதை மட்டுமே தீவனமாகத் தராமல் ரோட்ஸ் புல், அருகம்புல், வடிகால் நன்றாக உள்ள நிலத்தில் குதிரை மசால் என்று கலந்து வளருங்கள். சந்தேகம் வந்தால் குரும்பாபேட் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகுங்கள்.

பயிர், உரம் பற்றித் தமிழிலேயே கேட்க, கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551. காலை 6 முதல் இரவு 10 வரை பேசலாம்.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் மண்ணைப் பரிசோதியுங்கள். பழைய அட்டையின் படத்தைக் கைபேசியில் பத்திரமாக வைத்திருங்கள். கரிமக் கார்பன் எண் கொஞ்சம் ஏறியிருந்தாலே போதும், நீங்கள் சரியான வழியில்தான் போகிறீர்கள்.