இனிப்பு மக்காச்சோளம்: மணி நிறைந்த கதிர் பெறும் முறை

வீட்டுத் தோட்டத்தில் இனிப்பு மக்காச்சோளம் பயிரிடுவோர் பலர், செடிகள் செழித்து வளர்ந்தும், கதிரை உரித்தவுடன் ஏமாற்றம் அடைகின்றனர். மணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்க, எஞ்சிய இடம் வெறும் சக்கையாகக் காணப்படும். எருவின்மீதோ விதையின்மீதோ பழி கூறுவது வழக்கம். ஆனால் பல தோட்டங்களில், செடிகளை நட்ட முறையிலேயே இக்குறை தொடங்கிவிடுகிறது.

ஓர் இழை, ஒரு மணி

மக்காச்சோளச் செடியின் உச்சியில் தோன்றும் கொண்டை ஆண் பூக்களின் தொகுதியாகும். தண்டின் நடுவே இலைக் கக்கத்தில் உண்டாகும் கதிர் பெண் பூக்களின் தொகுதியாகும். கதிர் நுனியில் பட்டு நூல்போல் தொங்கும் இழை ஒவ்வொன்றும் உள்ளே ஒரு சூலுடன் இணைந்துள்ளது. இழையின்மீது மகரந்தம் விழுந்து சூல் கருவுற்றால் அவ்விடத்தில் ஒரு மணி உண்டாகும். இல்லையேல் அவ்விடம் வெறுமையாக நின்றுவிடும்.

மகரந்தத்தைப் பெரும்பாலும் கொண்டு செல்வது காற்றே. வேலியோரம் ஒரே வரிசையாக நட்டால், குறுக்கே வீசும் காற்று மகரந்தத்தைத் தோட்டத்திற்கு வெளியே கொண்டுபோய்விடும். ஆதலால் 32 செடிகள் வேண்டுமெனில், வரிசைக்கு எட்டாக நான்கு வரிசைகளில், ஏறக்குறையச் சதுரமான பாத்தியில் நடுதல் வேண்டும். வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. இடைவெளி விடலாம். இதற்குச் சுமார் 5 சதுர மீட்டர் நிலம் போதும்.

விதைப்பும் பராமரிப்பும்

நன்கு வெயில் படும் இடத்தைத் தேர்ந்து, பாத்திக்குப் பத்து கிலோ மக்கிய தொழு உரம் இடுக. மாதுரி, பிரியா போன்ற இரகங்கள் நம் நாட்டில் வெளியிடப்பட்டவை. மிகு இனிப்பு இரகங்களின் விதைகள் சுருங்கியவை, மாவுச்சத்துக் குறைந்தவை. ஆகவே அவற்றை 3 செ.மீ. ஆழத்திற்கு மேற்படாமல் ஊன்றுதல் வேண்டும். குளிர்ந்த சேற்று நிலத்தில் அவை அழுகிவிடும்.

சுமார் 100 கிராம் யூரியாவை இரு பங்காக்கி, செடி முழங்கால் உயரம் வளர்ந்தபோது ஒரு பங்கும், கொண்டை தோன்றுமுன் மறு பங்கும் இட்டு நீர் பாய்ச்சுக. கொண்டை, இழை ஆகியவை வெளிவரும் நாட்களில் நீர்க்குறைவு நேரலாகாது. நேர்ந்தால் இழைகள் காலந்தாழ்ந்து வெளிவந்து மகரந்தத்தைத் தவறவிடும். 2018-இல் இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட படைப்புழு, இளங்குருத்தைத் துளைத்துத் தின்னும். சிறு தோட்டத்தில் காலைதோறும் குருத்தைப் பார்த்து, முட்டைக் குவியல்களையும் புழுக்களையும் கையால் பொறுக்கி அழிக்கலாம்.

அயல் மகரந்தம்

இனிப்பு மக்காச்சோளத்தில் சர்க்கரை மாவுச்சத்தாக மாறும் செயல், பரம்பரைப் பண்பு ஒன்றினால் தடைப்பட்டுள்ளது. இஃது ஒடுங்கு பண்பு. ஆகவே அண்டை வயலின் சாதாரண மக்காச்சோள மகரந்தம் விழுந்தால், அடுத்த தலைமுறை வரை காத்திராமல், அதே கதிரின் மணிகளே மாவுத்தன்மை அடைந்துவிடும். அருகில் அத்தகைய வயல் இருப்பின், இரண்டும் ஒரே சமயத்தில் பூக்காதவாறு இரண்டு, மூன்று வாரம் முன்பின்னாக விதைக்க வேண்டும்.

ஓர் எளிய சோதனை

இழைகள் வெளிவந்து சில நாட்களில், காற்றில்லாத காலை வேளைகளில் கொண்டையைக் காகிதப் பையினுள் தட்டி, சேர்ந்த மகரந்தத்தை இழைகள்மீது தூவலாம். பத்து நாட்கள் கழித்து ஒரு கதிரைப் பறித்து, இழைகள் அறுபடாதவாறு உறையைப் பிரித்து மெல்ல உதறுக. கருவுற்ற சூல்களின் இழைகள் உதிரும்; கருவுறாதவற்றின் இழைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். எத்தனை மணிகள் இழக்கப்பட்டன என்பதை இதனால் கண்கூடாக அறியலாம்.

அறுவடை

இழைகள் தோன்றிய 18 முதல் 22 நாட்களில், அவை பழுப்பு நிறமாக உலர்ந்திருக்கும். மணியை நகத்தால் கீறினால் பால் போன்ற சாறு வரவேண்டும். தெளிந்த நீர் வந்தால் இளமை. மாவு வந்தால் முற்றல். பறித்தபின் சர்க்கரை விரைவில் குறையும். பழைய இனிப்பு இரகங்களில் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரே நாளில் பாதிக்கு மேல் குறைந்துவிடக்கூடும். அடுப்பில் நீர் கொதிக்கும்போது தோட்டத்திற்குச் சென்று கதிரைப் பறிக்கும் வசதி, கடையில் வாங்குவோர்க்கு இல்லை. வீட்டுத் தோட்டத்தின் தனிப் பயன் இதுவே.