காணாக் காவல்

நுழையும்முன்

வயலில் நெற்பயிரைக் காப்பது எது? உடலில் குருதியின் சர்க்கரையை அளவோடு வைத்திருப்பது எது? கடலோரப் பாறையில் ஓருயிர் மற்றோருயிரை நெருக்கி அழித்துவிடாமல் தடுப்பது எது? பூச்சியியல், உடலியங்கியல், சூழலியல், கணிதம் எனத் தனித்தனித் துறைகளில் உழைத்த அறிஞர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலேயே ஒத்த விடையை நோக்கி நடந்தனர். இயற்கையின் கட்டுப்பாடு இயங்கிக்கொண்டிருக்கும்போது எவர் கண்ணிலும் படுவதில்லை. அது விலகியபோதே அறியப்படுகிறது. அவ்வாறு அறியப்பட்ட வரலாற்றைக் கூறுகிறது இப்பாடம்.

பொறிவண்டின் பயணம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1868ஆம் ஆண்டளவில் வேல மரங்களின் மேல் ஒரு புதிய பூச்சி காணப்பட்டது. வெண்பஞ்சு ஒட்டியதுபோலக் கிளைகளில் படர்ந்து சாற்றை உறிஞ்சும் அதனைப் பஞ்சுச் செதில்பூச்சி எனலாம். அடுத்த இருபது ஆண்டுகளில் அது ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பரவியது. உழவர்கள் மரங்களைக் கழுவினர், மருந்து தெளித்தனர், கூடாரம் போட்டு நச்சுப்புகை ஊட்டினர். எதற்கும் அது அடங்கவில்லை. மனம் வெறுத்துத் தோட்டத்தையே வெட்டி எரித்தவர்களும் உண்டு.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் தலைமைப் பூச்சியியலாளர் சார்லஸ் வாலன்டைன் ரைலி, அப்பூச்சியை எவ்வாறு கொல்வது என்று மட்டும் கேட்கவில்லை. அது பிறந்த மண்ணாகிய ஆஸ்திரேலியாவில் ஏன் தொல்லை தரவில்லை என்றும் கேட்டார். ஆராய்ச்சியில் இவ்வாறு கேள்வியைத் திருப்பிப் போடுவது அரிதாகவே நிகழும். அங்கே அதனை அடக்கி வைக்கும் எதிரி ஒன்று இருத்தல் வேண்டும். பூச்சி மட்டும் கப்பலேறி வந்துவிட்டது, எதிரி பின்தங்கிவிட்டது என்பதே அவர் ஊகம்.

அந்த எதிரியைத் தேட ஆல்பர்ட் கோபலி என்பவர் 1888இல் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார். துறையின் அலுவலர் வெளிநாடு செல்ல அரசின் நிதி விதிகள் இடங்கொடாமையால், மெல்பர்ன் நகரில் நடைபெற்ற பன்னாட்டுக் கண்காட்சிக்குச் சென்ற குழுவில் அவர் சேர்க்கப்பட்டார். செதில்பூச்சிக்குள் வளரும் ஒரு சிறு ஈயின் மேல்தான் முதலில் நம்பிக்கை இருந்தது. அடிலெய்டு நகரின் வடபகுதியில், செதில்பூச்சியைத் தின்றுகொண்டிருந்த சிவப்பும் கறுப்புமான சிறிய பொறிவண்டு ஒன்று கோபலியின் கண்ணில் பட்டது தற்செயலே.

முதல் தவணையில் உயிருடன் வந்து சேர்ந்தவை 28 பொறிவண்டுகள். முதல் மூன்று தவணைகளிலும் சேர்த்து 129. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தோட்டமொன்றில், துணிக்கூடாரம் போர்த்திய ஓர் ஆரஞ்சு மரத்தில் அவை விடப்பட்டன. மரம் தூய்மையானதும் கூடாரத்தின் ஒருபக்கம் திறந்துவிடப்பட்டது. 1889ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட வண்டுகள் பிற தோட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. உழவர்கள் பெட்டிகளோடு வந்து வாங்கிச் சென்றனர். லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்திலிருந்து ஆரஞ்சு ஏற்றிச்சென்ற தொடர்வண்டிப் பெட்டிகளின் எண்ணிக்கை ஓராண்டில் 700இலிருந்து 2,000 ஆக உயர்ந்தது.

பிற்காலத்தில், 1928இல், அதே செதில்பூச்சி நீலகிரியில் சீகை எனப்படும் வாட்டில் மரங்களில் தோன்றியபோதும் அதே பொறிவண்டே வரவழைக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பொறிவண்டு செதில்பூச்சியை முற்றாக ஒழிக்கவில்லை. இரை பெருகினால் வண்டும் பெருகும். இரை அருகினால் வண்டும் அருகும். இரண்டும் குறைந்த எண்ணிக்கையில் தோட்டத்திலேயே வாழும். கட்டுப்பாடு என்பது அழிப்பு அன்று, அளவில் நிறுத்துதல்.

ஸ்ட்ராஸ்பர்க் நகரின் நாய்

பொறிவண்டுகள் கலிபோர்னியாவில் பெருகிய அதே 1889ஆம் ஆண்டில், அப்போது ஜெர்மனியின் ஆட்சியிலிருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரில் வேறொரு காவல் விலக்கப்பட்டது. ஜோசப் வான் மேரிங், ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி என்னும் இரு மருத்துவ அறிஞர்கள், கொழுப்புச் செரிமானத்தில் கணையத்தின் பங்கை அறிய விரும்பி, ஒரு நாயின் கணையத்தை முழுமையாக அகற்றினர். அறுவைக்குப் பின் நாய் உயிர் பிழைத்தது. ஆனால் ஓயாமல் சிறுநீர் கழித்தது. மின்கோவ்ஸ்கி அச்சிறுநீரை ஆய்ந்தார். அதில் சர்க்கரை மிகுந்திருந்தது. (சிறுநீரில் ஈக்கள் மொய்த்ததைக் கண்டே இது தெரியவந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. சுவையான கதைதான், ஆயினும் மின்கோவ்ஸ்கி அதனை ஏற்கவில்லை.)

செரிமானத்திற்குத் துணைபுரியும் உறுப்பு என்று மட்டுமே கருதப்பட்ட கணையம், குருதியின் சர்க்கரைக்குக் காவலாகவும் இருப்பது இவ்வாறு வெளிப்பட்டது. அக்காவலின் பெயர் இன்சுலின் என்று தெளிவாகி, கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட், மெக்லியோட், காலிப் ஆகியோரின் உழைப்பால் அது நோயாளிக்கு ஊசிவழி ஏற்றப்படும் நிலையை அடைந்தது 1922இல்தான். அதுவரை, இன்சுலின் சுரப்பு அற்ற நீரிழிவு நோய்க்கு ஆளான குழந்தைகளின் உணவைப் பெரிதும் குறைத்து வாழ்நாளைச் சிறிது நீட்டுவதன்றி மருத்துவர்களால் வேறொன்றும் செய்ய இயலவில்லை.

குருதியில் சர்க்கரை உயர்ந்தால் இன்சுலின் சுரந்து அதனைத் தாழ்த்துகிறது. தாழ்ந்தால் குளுக்ககான் சுரந்து உயர்த்துகிறது. உணவுக்கு முன் ஒரு டெசிலிட்டர் குருதியில் 70 முதல் 100 மில்லிகிராம் என்னும் குறுகிய எல்லைக்குள் அது நிற்பது இந்த இழுபறியால்தான். விளைவே திரும்பிவந்து காரணத்தைத் தடுக்கும் இம்முறையை எதிர்மறைப் பின்னூட்டம் என்பர். பொறிவண்டும் செதில்பூச்சியும் ஒன்றையொன்று அளவில் நிறுத்துவதும் ஏறத்தாழ இம்முறையிலேயே. உடல் தன் அகச்சூழலைத் தானே நிலைநிறுத்திக்கொள்ளும் இவ்வியல்புக்கு அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன், 1926இல் ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயரிட்டார். தமிழில் இதனை உடல் சமநிலை என்கிறோம்.

மீன்சந்தை தந்த கணக்கு

அதே 1926இல் இத்தாலியக் கணித அறிஞர் வீட்டோ வோல்டெரா ஒரு புதிரை விடுவித்தார். புதிரைக் கொணர்ந்தவர் உம்பெர்டோ டி அன்கோனா என்னும் இளம் விலங்கியலாளர். ஏட்ரியாட்டிக் கடலோரச் சந்தைகளின் பழைய கணக்குகளை அவர் ஆராய்ந்தார். ஃபியூமே துறைமுகச் சந்தைக்கு வந்த மீன்களுள், பிற மீன்களைத் தின்னும் சுறா, திருக்கை இனங்கள் 1914இல் ஏறத்தாழ 12 விழுக்காடு; 1918இல் 36 விழுக்காடு. இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்தது முதல் உலகப்போர். போரால் மீன்பிடிப்பு குறைந்தது. மீன்பிடிப்பு குறைந்தால் எல்லா மீன்களும்தானே பெருக வேண்டும்? இரைதின்னிகள் மட்டும் இவ்வளவு மிகுந்தது ஏன்?

இரையின் பெருக்கத்தையும் இரைதின்னியின் பெருக்கத்தையும் இரு சமன்பாடுகளாக வோல்டெரா எழுதினார். ஆல்ஃபிரட் லோட்கா என்பவரும் தனியே அதே சமன்பாடுகளை 1925இல் எழுதியிருந்தார். அவற்றிலிருந்து கிடைத்த முடிவு எளிதில் நம்ப முடியாதது. இரையையும் இரைதின்னியையும் ஒரே விகிதத்தில் கொன்றுவந்தால், சராசரியில் இரை பெருகும், இரைதின்னி குறையும். கொல்வதை நிறுத்தினால் இரைதின்னி பெருகும். வலையால் சாகும் இழப்பு இரண்டுக்கும் பொது. இரைதின்னிக்கோ, வலையோடு, உண்ண இரை குறைவதும் சேர்கிறது. இரைக்கு அந்த வலையே, தன்னைத் தின்பவர்களைக் குறைத்துத் தருகிறது. போர்க்காலத்தில் வலை ஓய்ந்ததும் சுறாக்கள் மிகுந்ததன் காரணம் இதுவே.

மீனுக்காகப் போடப்பட்ட இக்கணக்கில், வலை என்னும் இடத்தில் பூச்சிக்கொல்லி என்று எழுதிப் பார்த்தவர் அன்று மிகச் சிலரே. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் டி.டி.டி. என்னும் மருந்து கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு வந்தது. தெளித்த இடங்களில், அரை நூற்றாண்டுக்கும் மேலாக அடங்கிக் கிடந்த பஞ்சுச் செதில்பூச்சி 1946, 1947ஆம் ஆண்டுகளில் மீண்டும் கிளைகளை வெளுக்கச் செய்தது. அம்மருந்தால் செதில்பூச்சிக்குப் பெருங்கேடு நேரவில்லை, பொறிவண்டுதான் மடிந்தது. தெளிப்பை மாற்றியமைத்து, வண்டுகளை மறுபடியும் கொண்டுவந்து விட்ட பின்னரே தோட்டங்கள் தேறின.

புகையான்

நெல் விளையும் ஆசிய நாடுகளில் இதே பாடம் இன்னும் கடுமையாகக் கற்பிக்கப்பட்டது. நெற்பயிரின் அடித்தண்டில் கூட்டமாக அமர்ந்து சாறு உறிஞ்சும் பழுப்புநிறத் தத்துப்பூச்சியைத் தமிழக உழவர் புகையான் என்பர். வயலின் நடுவே வட்டவட்டமாகப் பயிர் தீய்ந்து புகைந்தாற்போலத் தோன்றுவதால் வந்த பெயர், அறிவியற்பெயரைவிட நோயைத் தெளிவாகக் காட்டுகிறது.

1984இல் அரிசியில் தன்னிறைவு கண்ட இந்தோனேசியா, இரண்டே ஆண்டுகளில் ஜாவாத் தீவின் வயல்களில் புகையானால் பேரிழப்பை எதிர்நோக்கியது. அந்நாட்டில் பூச்சிக்கொல்லி விலையின் பெரும்பகுதியை அரசே ஏற்றுவந்தது. ஆகவே உழவர் தாராளமாகத் தெளித்தனர். தெளிக்கத் தெளிக்கப் புகையான் கூடியது. பிலிப்பைன்ஸ் நாட்டில் பீட்டர் கென்மோர் போன்றோர் நடத்திய வயலாய்வுகள் அதற்கான விளக்கத்தை முன்னரே தந்திருந்தன. புகையானின் முட்டை இலையுறையின் திசுவுக்குள் இருப்பதால் மருந்திலிருந்து தப்புகிறது. அதனைத் தின்னும் ஓநாய்ச் சிலந்தியும், அதன் முட்டையை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியும் வெளியில் திரிவதால் மடிகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளுக்குக் காவலற்ற வயல் காத்திருக்கிறது.

1986ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர், 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை நெல்வயலில் பயன்படுத்தத் தடை விதித்தார். அடுத்த சில ஆண்டுகளில் மானியமும் நீக்கப்பட்டது. நெல் விளைச்சல் வீழும் என்று அஞ்சியவர்கள் பலர், அது வீழவில்லை. 1989இல் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகளில் உழவர்கள் குழுவாக வரப்பில் இறங்கி, ஒரு தூரில் புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணக் கற்றனர். மருந்து தெளிப்பதா வேண்டாவா என்னும் முடிவை அந்த எண்ணிக்கை சொன்னது.

பாறையில் ஒரு சோதனை

மேற்கண்டவற்றுள் நாயின் கணையம் தவிர, ஏனைய காவல்கள் தற்செயலாக விலகியவை. வேண்டுமென்றே விலக்கிப் பார்த்தவர் ராபர்ட் பெயின். வாஷிங்டன் மாநிலத்தின் மக்கா விரிகுடாவில், 1963ஆம் ஆண்டு முதல், 8 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட பாறைப்பரப்பிலிருந்து நட்சத்திர மீன்களைக் கடப்பாரையால் பெயர்த்துக் கடலுக்குள் எறிந்துவந்தார். அருகிலிருந்த மற்றொரு பரப்பை ஒப்பீட்டுக்காக அவ்வாறே விட்டார். நட்சத்திர மீன் நீங்கிய பரப்பில் 15 வகை உயிரினங்கள் 8 ஆகக் குறைந்தன. சிப்பிகள் நெருங்கிப் படர்ந்து இடமெல்லாம் தமதாக்கிக்கொண்டன. கொல்லும் உயிரே பிற உயிர்களுக்கு வாழ இடம் விட்டுவைத்திருந்தது. கல்வளைவின் உச்சியில் நின்று ஏனைய கற்களைத் தாங்கும் நடுக்கல்லோடு ஒப்பிட்டு, இத்தகைய உயிரினத்திற்கு அவர் 1969இல் பெயரிட்டார்.

தெரிந்து தெளிவோம்

எதிரி என்று கொண்டுவரப்படும் உயிரெல்லாம் காவலாகிவிடாது. கரும்பு வண்டுகளை ஒழிக்க, 1935இல் ஹவாய்த் தீவிலிருந்து ஏறத்தாழ நூறு தேரைகள் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டன. வண்டுகள் கரும்பின் மேற்பகுதியில் மேய்ந்தன. தேரைகளோ தரையில் கிடைத்ததையெல்லாம் தின்றன. வண்டு குறையவில்லை. நஞ்சுடைய அத்தேரைகளைத் தின்ற உடும்புகள் உள்ளிட்ட நாட்டுயிர்கள் மடிந்தன. ஒன்றையே நம்பி வாழும் பொறிவண்டுக்கும், எதையும் தின்று வாழும் தேரைக்கும் உள்ள வேறுபாடு அன்று எண்ணிப் பார்க்கப்படவில்லை.

பப்பாளித் தோட்டத்தில்

2008இல் கோயம்புத்தூரில், நடு அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று பற்பல பயிர்களை அது பற்றியது. மல்பெரி இலை வீணானதால் பட்டுப்புழு வளர்ப்போரும் தவித்தனர். பூச்சியின் மேலிருந்த மெழுகுப்பூச்சு மருந்தை உள்ளே விடவில்லை. அடுத்தடுத்துத் தெளித்தோருக்குச் செலவே மிஞ்சியது.

ரைலி கேட்ட கேள்வியே இங்கும் கேட்கப்பட்டது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உதவியால், 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூரு ஆய்வு நிலையத்திற்கு வந்தன. அவற்றால் பிற உயிர்களுக்குக் கேடில்லை என்று சோதித்த பின்னரே அவை வெளியே விடப்பட்டன. தேரைக்குச் செய்யத் தவறியதும் இதுதான். அவற்றுள் சிறந்து விளங்கிய அசெரோபேகஸ் பப்பாயே என்னும் குளவி, எறும்பினும் சிறியது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு அதனை உள்ளிருந்தே உண்டு வெளிவரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதனைப் பெருக்கி உழவர்களுக்கு வழங்கியது. குளவி விட்ட தோட்டங்களில் மருந்து தெளிக்க வேண்டா என்று உழவர்களை இணங்கச் செய்வதே அலுவலர்களுக்குக் கடினமான பணியாக இருந்தது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது.

இன்று அத்தோட்டங்களில் மாவுப்பூச்சியைத் தேடித்தான் காண வேண்டும். குளவியைக் காண்பது அதனினும் அரிது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் வயலிலோ பள்ளித் தோட்டத்திலோ மருந்து தெளிக்காத ஒரு செடியைத் தேர்ந்து, அதில் வாழும் பூச்சிகளையும் அவற்றைத் தின்பனவற்றையும் ஒரு வாரம் எண்ணிப் பதிவு செய்க.

கணையம் நீக்கப்பட்ட நாய், நட்சத்திர மீன் நீக்கப்பட்ட பாறை ஆகிய இரு சோதனைகளையும் ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.