காயம்பட்டவர் கேட்பது என்ன?

கேள்வி: கத்திக்குத்து, அடிதடியில் பாதிக்கப்பட்டவர்கள் எதிராளிக்குக் கடும் தண்டனையைத்தானே விரும்புவார்கள்?

பதில்: நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இங்கிலாந்தின் குற்றவியல் ஆய்வாளர் ஜோவன்னா ஷாப்லேண்டும் சகாக்களும் கவென்ட்ரி, நார்த்தாம்ப்டன் நகரங்களில் வன்முறைக்கு ஆளானவர்களை மூன்றாண்டு வரை தொடர்ந்து சந்தித்து, 1985-இல் நூல் வெளியிட்டார்கள். தண்டனையைவிட அதிகம் பேர் ஏங்கியது தகவலுக்கு. ஆளைப் பிடித்தார்களா, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, தீர்ப்பு என்ன? யாரும் சொல்லவில்லை. தொடக்கத்தில் போலீஸ்மீது இருந்த திருப்தி மாதங்கள் செல்லச் செல்லக் கரைந்தது.

என்னை உலுக்கியது இன்னொன்று. நஷ்டஈடு, சிறு தொகையானாலும், அடித்தவனிடமிருந்தே வர வேண்டும் என்றார்கள். தனக்கு நடந்தது தவறு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டதற்கு அதுவே அடையாளம். உடைந்த தாடையோடு வீட்டில் காத்திருப்பவருக்கு ஒரு போன் செய்ய எவ்வளவு நேரமாகிவிடும்?