ஃபில்லர் ஊசி: ரத்தக்குழாய் அடைப்பும் கைநழுவும் நேரமும்

முகச் சுருக்கத்தை நிரப்பவும் உதட்டைப் பருமனாக்கவும் தோலுக்கடியில் செலுத்தப்படும் ஜெல்தான் ஃபில்லர். இன்று புழங்குபவற்றில் பெரும்பாலானவை ஹயலூரானிக் அமிலத்தால் ஆனவை. அவ்வகையில் ரெஸ்டிலேனுக்கு அமெரிக்காவில் 2003 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. வீக்கமும் கன்றலும் சில நாளில் வடிந்துவிடும். தோலின் மேலடுக்கிலேயே ஜெல் தங்கினால் நீலம் பாரித்துத் தெரியும். மாதங்கள் கழித்துக் கட்டி கிளம்புவதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் நிதானமாக வைத்தியம் பார்க்கலாம்.

ரத்தக்குழாய் அடைப்பு அப்படியல்ல. ஊசிமுனை குழாய்க்குள் இறங்கிவிட்டால் ஜெல் அங்கேயே அடைத்துக்கொள்ளும். அந்தக் குழாயை நம்பியிருக்கும் தோல் சாகத் தொடங்கும். மூக்கும் புருவமத்தியும் நெற்றியும் மிக ஆபத்தான இடங்கள். அங்குள்ள குழாய்கள் கண்ணுக்கு ரத்தம் தரும் குழாயோடு இணைந்தவை; ஊசியின் அழுத்தத்தில் ஜெல் பின்னோக்கி ஓடிக் கண்ணை எட்டிவிடும். ஓர் ஊசிக்குழலில் வழக்கமாக 1 மில்லி இருக்கும். பார்வையைப் பறிக்க அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. விழித்திரை ரத்தமின்றி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்குவது அரிது.

தோல் வெளுப்பதுதான் முதல் அறிகுறி என்று பாடநூல்கள் சொல்கின்றன. மாநிறத்திலும் கருப்பு நிறத்திலும் அந்த வெளுப்பு சட்டென்று கண்ணில் படாது. விரலால் அழுத்தி எடுத்து, பழைய நிறம் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று இரு கன்னங்களையும் ஒப்பிட வேண்டும். உதட்டின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். வலை பின்னியதுபோல் கருநீலத் தடம் பிறகே வரும், கொப்புளம் அதற்கும் பிறகு. வலியே இல்லாமலும் அடைப்பு வரலாம், ஏனெனில் பல ஜெல்களில் மரப்புமருந்து கலந்திருக்கிறது.

“வீக்கம்தான், காலையில் சரியாகிவிடும்” என்ற ஆறுதலே அதிகம் கெடுக்கிறது. ஹயலூரானிடேஸ் என்ற நொதி ஹயலூரானிக் ஜெல்லைக் கரைக்கும். முதல் சில மணி நேரத்தில், போதிய அளவில், தேவைப்பட்டால் திரும்பத் திரும்பச் செலுத்த வேண்டும். ஊசி போட்ட மருத்துவரிடம் உடனே திரும்ப வேண்டும். பார்வை மங்கினால் அதற்கும் காத்திராமல் மலேசியாவில் 999ஐ அழைக்க வேண்டும், அல்லது பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கால்சியம் வகை ஃபில்லரையும் சிலிக்கோனையும் இந்த நொதி கரைக்காது. வீடு தேடி வந்து ஊசி போடுபவர்கள் எதைப் போட்டார்கள் என்பதே பல நேரம் தெரியாது. மலிவை நாடிப் போனவளைத்தான் ஊர் ஏசுகிறது. மாற்று மருந்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஊசியைப் பிரித்தவரைத்தான் ஏச வேண்டும்.

மலேசியாவில் இந்த ஊசியைப் பதிவுபெற்ற மருத்துவர் மட்டுமே போடலாம். அழகு நிலையத்தாருக்கு அனுமதியில்லை. கிளினிக் 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார நிலையச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். மருத்துவரிடம் ஆண்டுப் பணிச்சான்றும், அழகியல் சிகிச்சைக்கு அனுமதியளிக்கும் சுகாதார அமைச்சின் எல்.சி.பி. கடிதமும் இருக்க வேண்டும். பெட்டியைத் தன் கண் முன்னே பிரிக்கச் சொல்லி, பெயரும் தொகுதி எண்ணும் உள்ள ஒட்டுத்தாளைக் கேட்டு வாங்கிக்கொள்வது நோயாளியின் உரிமை. அடைப்பு வந்தால் அவசரப் பிரிவில் முதலில் கேட்கப்படுவது அந்தப் பெயர்தான்.