நீ இல்லாத நேரத்தில் ஓடும் ஜாப்

அன்புள்ள கண்ணு,

உன் மெயிலும் அதோடு அனுப்பிய ஃபைல்களும் வந்தன. "நானே உட்கார்ந்து ஓட்டினா ஸ்டாக் ரிப்போர்ட் சுத்தமா வருது பெரியப்பா. ராத்திரிக்கு கியூவில போட்டா மூணு செகண்டுல முடிஞ்சு போகுது. எரர் ஒண்ணும் இல்ல, ரிப்போர்ட்டும் இல்ல" என்று எழுதியிருக்கிறாய். புரோகிராமில் கை வைக்காதே, அதில் குற்றமில்லை. லாகின்.காம் ஃபைலின் கடைசி இரண்டு வரியைப் பார். ஒன்று ஆலையின் மெனுவைத் திறக்கிறது. அடுத்தது லாகவுட்.

பகலில் யார் உள்ளே வந்தாலும் மெனு வரும். மெனுவை மூடினால் மெஷின் வெளியே அனுப்பிவிடும். டாலர் பிராம்ப்ட்டில் யாரும் விளையாடக் கூடாது என்று யாரோ ஒரு கெட்டிக்காரர் செய்து வைத்த ஏற்பாடு. ஆனால் உங்கள் மெஷினின் சிஸ்டமான விஎம்எஸ் ஒரு பேட்ச் ஜாப்பைத் தொடங்கும்போது உன் பெயரில் புதிதாக ஒரு பிராசஸை உண்டாக்கி, முதலில் உன் லாகின்.காமை ஓட்டிவிட்டுத்தான் நீ கொடுத்த ஃபைலுக்கு வரும். அங்கே டெர்மினல் கிடையாது. மெனு எதையோ கேட்கும், பதில் வராது, மூடிக்கொள்ளும். அடுத்த வரி லாகவுட். ஜாப் வாசலோடு திரும்பிவிடும். மெஷின் கணக்கில் அது நல்லபடியாக முடிந்த ஜாப், அதனால்தான் எரர் இல்லை.

லாகின்.காமில் ஜாப்புக்கும் தேவையான லாஜிக்கல் பெயர்களை மேலே வைத்துக்கொள். அவற்றுக்குக் கீழே, எஃப்$மோட் கேட்டு, பதில் 'இன்டராக்டிவ்' இல்லையென்றால் அங்கேயே எக்ஸிட் ஆகும்படி ஒரு வரி போடு. மெனு அதற்கும் கீழே இருக்கட்டும். இன்னொன்று: நீ எந்த டைரக்டரியில் நின்று சப்மிட் கொடுத்தாலும் ஜாப் தொடங்குவது உன் லாகின் டைரக்டரியில்தான். ஆகவே ஜாப்பின் முதல் வரியே செட் டிஃபால்ட் ஆக இருக்க வேண்டும், டிஸ்கின் பெயரோடு முழுசாக.

நீ பழைய மெஷினில் மாட்டிக்கொண்டாய் என்று உன் அப்பன் போனில் சிரித்தான். சிரிக்கட்டும். 1977இல் வாக்ஸ்-11/780 வெளிவந்தபோது அதற்கென்றே எழுதிய சிஸ்டம் இந்த விஎம்எஸ். ஆல்ஃபா, இட்டானியம் என்று வீடு மாறி, 2022இல் இன்றைய எக்ஸ்86 சர்வருக்கும் குடிவந்துவிட்டது. நம் ரயில்வே முன்பதிவு வளர்ந்ததும் இதன் மேல்தான். கூடத்தில் ஐம்பது பேர் டெர்மினலில் தட்டிக்கொண்டிருக்க, அவர்களுக்குத் தெரியாமல் பின்னால் சம்பளக் கணக்கையும் ஓட்டுகிற வித்தையை இதில் கற்றுக்கொண்டால் வேறு எந்த மெஷினிலும் உனக்குச் சோறு கிடைக்கும்.

அந்த வித்தையில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். ஜாப் ஓடும்போது நீ அங்கே இருக்க மாட்டாய். கையால் ஓட்டும்போது உனக்கே தெரியாமல் நூறு சமாளிப்பு செய்கிறாய்: ஃபைல் பூட்டியிருந்தால் ஒரு நிமிஷம் பொறுக்கிறாய், தேதி தப்பாக வந்தால் நிறுத்துகிறாய். அதெல்லாம் வரிவரியாக ஜாப்புக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

உன் மாதக் கடைசி ஜாப்பில் ஓர் இடம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 'எந்த மாதம்?' என்று இன்குவயர் கொண்டு கேட்கிறது. பேட்ச்சில் இன்குவயர் பதிலுக்காகக் காத்திருக்காது. ஜாப் ஃபைலின் அடுத்த வரியைப் பார்க்கும். அது டாலர் குறியோடு தொடங்கினால், பதில் வெறுமை என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். நின்றுவிட்டால் கூடப் பரவாயில்லை. மாதம் இல்லாமல் ஓடுகிற புரோகிராம் எந்த மாதத்தைத் திறக்கும் என்று எழுதினவருக்கே தெரியாது. மாதத்தை சப்மிட் கொடுக்கும்போதே பாராமீட்டராகக் கொடு. உள்ளே அது பி1 என்று வந்து சேரும். பி1 வெறுமையாக இருந்தால் அங்கேயே எரரோடு வெளியே வா.

எரர் பற்றி. நீ ஒன்றும் சொல்லாவிட்டால் எரர் வந்தால் நிற்கும், வார்னிங்கைத் தாண்டிப் போகும். பணம் தொடுகிற ஜாப்பில் வார்னிங்குக்கும் நிற்கச் சொல். நின்ற இடத்திலிருந்து உனக்கு ஒரு மெயில் போகட்டும். உனக்கு முன்னால் இருந்தவர் நாலு ஜாப்பின் தலையில் செட் நோஆன் என்று எழுதி வைத்திருக்கிறார் என்றாயே, அதை முதலில் எடு. எது விழுந்தாலும் கண்டுகொள்ளாதே என்று மெஷினின் வாயைக் கட்டுகிற வரி அது. எடுத்த வாரமே அவற்றில் சில விழும். அவை புதிதாக விழுந்தவை அல்ல, இத்தனை நாளாக விழுந்துகொண்டிருந்தவை. மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, இல்லாவிட்டால் புதுப்பெண் வந்ததும் எல்லாம் கெட்டது என்பார்கள்.

ஸ்டாக் ரிப்போர்ட் ஜாப்பின் லாக் எங்கே போனது என்று தேடினாயல்லவா? சொல்லாமல் விட்டால் விஎம்எஸ் அதைப் பிரிண்டருக்கு அனுப்பி, அச்சானதும் அழித்துவிடும். எங்கள் காலத்தில் சரி. காலையில் கோடு போட்ட அகலத் தாளில் லாக் மேஜைக்கு வந்துவிடும். உங்கள் ஆலையில் சிஸ்டம் பிரிண்டர் எந்த மூலையில் இருக்கிறதோ, அங்கே யாரோ உன் லாகைக் கிழித்து வடை மடித்திருப்பார்கள். நோபிரிண்டர் என்று கொடுத்து, லாக் ஃபைலுக்கு நீயே பெயர் வைத்து ஒரு தனி டைரக்டரியில் சேர். பேட்ச்சில் ஓடும் ஒவ்வொரு வரியும் லாகில் பதிவாவதுதான் வழக்கம். இடம் அடைக்கிறது என்று செட் நோவெரிஃபை போட்டு அதை அணைத்துவிடாதே. பாஸ்வேர்டு இருக்கும் வரிகளுக்கு மட்டும் அணை, உடனே திரும்பப் போடு. செட் பிரிஃபிக்ஸ் கொடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரமும் விழும்.

இனி ரீஸ்டார்ட். இதைக் கொஞ்சம் நிறுத்திப் படி. ஜாப் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது மெஷின் படுத்துவிட்டால், திரும்ப எழுந்ததும் விஎம்எஸ் அந்த ஜாப்பை முதல் வரியிலிருந்து மறுபடி ஓட்டும். ஆனால் சப்மிட்டில் ரீஸ்டார்ட் என்று கொடுத்திருந்தால் மட்டும்தான். ஒன்றும் சொல்லாவிட்டால் நோரீஸ்டார்ட்தான் வழக்கம். ரிப்போர்ட் ஜாப்புக்கு ரீஸ்டார்ட் நல்லது. ஒரு நூற்பாலையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ரீஸ்டார்ட் கொடுத்து சப்மிட் செய்த வாரக்கூலிப் பதிவு ஜாப் ராத்திரி ஓடுகிறது. பதிவு முடிந்து, சீட்டு அச்சடிக்கும் கட்டத்தில் கரண்ட் போயிற்று. கரண்ட் வந்தது, மெஷின் எழுந்தது, ஜாப்பும் எழுந்தது, கூலியை இரண்டாம் முறை பதிந்தது. அட்வான்ஸ் பிடித்தமும் இரண்டு முறை. கூலி கூடுதலாக வந்ததை யாரும் சொல்லவில்லை. பிடித்தம் கூடியவர்கள் காலை ஷிஃப்டிலேயே டைம் ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டார்கள். சரிசெய்ய அந்த வாரம் முழுக்கப் போயிற்று.

இதற்கு மருந்து சிஸ்டத்திலேயே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் செட் ரீஸ்டார்ட்_வேல்யூ என்று அடுத்த கட்டத்தின் பெயரைப் பதிந்து வை. ஜாப்பின் தொடக்கத்தில் $ரீஸ்டார்ட் உண்மையா என்று பார். உண்மையானால் பேட்ச்$ரீஸ்டார்ட் என்கிற சிம்பலில் நீ கடைசியாகப் பதிந்த பெயர் இருக்கும், அங்கே தாவு. அப்போதும் ஒரு சந்து இருக்கிறது. பதிவு முடிந்து, அடுத்த கட்டத்தின் பெயரை எழுதுவதற்குள் கரண்ட் போனால்? ஆகவே பதிவு செய்கிற புரோகிராமும் தன் பங்குக்கு, இந்த வாரத்துக்கு ஏற்கெனவே பதிந்தாயிற்றா என்று பார்க்க வேண்டும். புரோகிராமைத் தொட உனக்கு அனுமதி இல்லையென்றால், அந்த ஒரு ஜாப்பை மட்டும் நோரீஸ்டார்ட் என்று சப்மிட் செய். காலையில் வந்து நீயே பார்த்து முடிவு செய்வது மேல்.

தினமும் ஓடும் ஜாப் தன்னைத்தானே அடுத்த நாளுக்கு சப்மிட் செய்துகொள்வது நம் பழக்கம். அந்த வரியை ஜாப்பின் தலையில் வை. கடைசியில் வைத்தால், ஒரு நாள் நடுவில் விழுந்தால் மறுநாள் ஜாப்பே இருக்காது. அது இல்லாததை ஒரு வாரம் கழித்து எவராவது கேட்டால்தான் தெரியும். நேரம் கொடுக்கும்போது 'இருபத்து நாலு மணி கழித்து' என்று கொடுக்காதே, தினம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். 'டுமாரோ+02:00' என்று கொடு. நாளை நள்ளிரவுக்கு மேல் இரண்டு மணி, எப்போதும் அதே இரண்டு மணி.

இதில் உன் தலைமுறை கட்டாயம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சப்மிட் கொடுத்த கணத்தில் கியூ பிடித்துக்கொள்வது ஃபைலின் அந்த வெர்ஷனை. இன்று மத்தியானம் நீ திருத்தி எட்டாவது வெர்ஷன் உண்டாக்கினாலும், இன்று ராத்திரி ஓடுவது ஏழாவதுதான். அது தன்னை மறுபடி சப்மிட் செய்யும்போதுதான் எட்டாவது கியூவுக்குள் வரும். திருத்தியது வேலை செய்யவில்லை என்று மறுநாள் காலையில் மறுபடி திருத்தாதே. அதைவிட மோசம், டைரக்டரியைச் சுத்தம் செய்கிறேன் என்று பர்ஜ் அடிப்பது. ஏழாவது போய்விடும், ராத்திரி ஜாப்புக்கு ஓட ஃபைலே இருக்காது. திருத்தினால், கியூவில் இருக்கும் என்ட்ரியை டெலீட் செய்துவிட்டு, புதிதாக சப்மிட் கொடு.

ஒரு ஜாப் முடிந்த பிறகே அடுத்தது ஓட வேண்டுமென்றால் சிங்க்ரனைஸ் இருக்கிறது. ஆனால் உங்கள் கியூவில் ஒரு நேரத்தில் ஒரு ஜாப்தான். காத்திருக்கும் ஜாப் உள்ளே உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்ள, அது யாருக்காகக் காத்திருக்கிறதோ அவர் வெளியே வரிசையில் நிற்பார். விடியும் வரை இருவரும் நகரமாட்டார்கள். முதல் ஜாப் நல்லபடி முடிந்தால் அதுவே இரண்டாவதை சப்மிட் செய்யட்டும்.

கடைசியாக, மாதக் கடைசி ஜாப் மூன்று மணி நேரம் இழுக்கிறது, பிரையாரிட்டியை ஏற்றிப் பகலிலேயே ஓட்டு என்று மேனேஜர் சொல்கிறார் என்றாய். டெர்மினலில் இருப்பவர்களுக்கு 4, உங்கள் பேட்ச் கியூவுக்கு 3 என்று வைத்திருப்பது காரணமாகத்தான். டெஸ்பாட்ச் குமாஸ்தா சாவியைத் தட்டினால் ஜாப் ஒதுங்கி வழிவிடும், அவர் யோசிக்கிற நேரத்தில் ஜாப் ஓடிக்கொள்ளும். அதை ஏற்றினால் வாசலில் லாரிகள் நிற்கும், பில் வராது.

ஏற்றினாலும் பயனில்லை என்பதற்கு நீ அனுப்பிய லாகே சாட்சி. அதன் அடியில் ஏழெட்டு எண்கள் இருக்கின்றன, யாரும் படிப்பதில்லை. சார்ஜ்டு சிபியு டைம் ஒன்பது நிமிஷம். எலாப்ஸ்டு டைம் மூன்று மணி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, டெர்மினலில் ஒருவரும் இல்லாதபோது ஓடியது. சிபியுவுக்குப் போட்டியே இல்லாத நேரத்தில் மூன்று மணி பிடித்திருக்கிறதென்றால், பிரையாரிட்டி ஏற்றி எதைப் பிடிக்கப் போகிறார்? பேஜ் ஃபால்ட் குறைவு, ஆகவே மெமரியும் குற்றவாளி இல்லை. டைரக்ட் ஐ/ஓ எண்ணிக்கையைப் பார், லட்சக்கணக்கில் நிற்கிறது. புரோகிராம் பரிவர்த்தனை ஃபைலை வந்த வரிசையில் படித்து, ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஸ்டாக் மாஸ்டரின் வேறு வேறு மூலைக்கு டிஸ்கை ஓடவைக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

பரிவர்த்தனை ஃபைலை முதலில் ஐட்டம் நம்பர் வரிசையில் சார்ட் செய். சார்ட் கமாண்ட் சிஸ்டத்திலேயே இருக்கிறது, ஜாப்பில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். மாஸ்டரைத் தொடாமல் அதன் நகலில் ஒரு ராத்திரி ஓட்டிப் பார்த்துவிட்டு, பழைய லாகின் அடி எண்களையும் புதியதின் எண்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மேனேஜர் மேஜையில் வை. எனக்கும் ஒரு நகல் அனுப்பு. டைரக்ட் ஐ/ஓ இறங்காவிட்டால் என் ஊகம் தப்பு. அப்போது ஃபைலின் பக்கெட் அளவைப் பார்க்க வேண்டியிருக்கும், அதை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

பெரியம்மா உன்னைக் கேட்டாள். ராத்திரி ஜாப்புக்குக் காவல் இருக்கிறேன் என்று ஆலையிலேயே உட்கார்ந்திருக்கிறாயாம், திட்டுகிறாள்.

அன்புடன்,
பெரியப்பா